வாசிக்கப்பட்ட கடிதங்கள்

2004 நவம்பர் 18
கொழும்பு விற்பனைக்காரர் எங்கள் தளபாடக் கடையில் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு இரண்டு மணித்தியாலம் கதை அளந்தார். இன்டர்நெட் இருந்தால் உலகமே மட்டக்களப்புக்கு வாடிக்கையாளராம். என் மனுசன் வில்லியம் உளியைத் தீட்டிக்கொண்டே, "இதால ஒரு கதிரையும் விக்காது, டெனீஸ்" என்றார். வாய்க்கொழுப்பு. வந்தது ஒரே ஆள். வவுணதீவு நிலோஜன், கட்டார் வேலைக்காக மின்னஞ்சல் கணக்குத் திறந்தான். இரகசியச் சொல்லைத் தாளில் எழுதி என்னிடமே தந்தான். "நான் துலைச்சிருவன், அக்கா."

2005 ஜனவரி 11
கடல் ஊருக்குள் வந்து பதினாறு நாள். அவுஸ்திரேலியாவிலிருந்து எங்கள் பறங்கிச் சனம் எழுதுகிறது: இன்னார் உயிரோடா? அச்சடித்து, சைக்கிளில் முகாம் முகாமாகப் போய்ப் பெயர் கூப்பிடுகிறேன். பாதிப் பெயருக்கு ஆள் இல்லை. அதையும் நான்தான் எழுதி அனுப்பவேண்டும். விற்பனைக்காரரும் பிழை, வில்லியமும் பிழை. அவர் கடிதம் வைக்க சைக்கிளுக்கு ஒரு பெட்டி அடித்துத் தந்தார்.

2007 ஏப்ரல் 3
கட்டார் சரிவராமல் ஊரோடு நின்ற நிலோஜனை வீதியில் வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு மாதம். ஆரென்று தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன். தாய் அன்னப்பூரணி வந்தார். "எங்க இரிந்தாலும் இதைத் திறந்து பாப்பான்தானே, மகள்?" அவர் சொல்லச் சொல்லத் தட்டி அனுப்பினேன். கனநாள் திறக்காவிட்டால் கணக்கையே அழித்துவிடுவார்களாம். அவன் தந்த தாள் லாச்சியில் இருக்கிறது; மாதம் ஒருமுறை நானே திறக்கவேண்டும்.

2009 மே 20
சண்டை முடிந்ததென்று டவுனில் வெடி கொளுத்துகிறார்கள். அன்னப்பூரணியின் இருபத்தாறாவது கடிதம்: "இனிப் பயமில்ல மகன், வா."

ஜூன் 14
எனக்குக் காய்ச்சல். தங்கச்சி மெலிண்டா கடையைப் பார்த்தாள். பின்னேரம் ஓடிவந்தாள். "அக்கா, லாச்சியில கிடந்த தாளைப் பாத்து நிலோஜன்ட கணக்கைத் திறந்தன். அவன்ட அம்மாட கடிதமெல்லாம் ஆரோ வாசிச்சிரிக்கி. அவன் உயிரோடதான் இரிக்கான். அம்மாவுக்கும் சொல்லிற்றன்."

ஐயோ. போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது நான். இவளிடம் ஏன் சொல்லாமல் விட்டேன்?

ஜூன் 15
காய்ச்சலோடு வவுணதீவுக்குப் போனேன். அன்னப்பூரணி பொங்கல் வைத்து அயலுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் இலையில் தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"எல்லாத்தையும் நீங்கதான் வாசிச்சீங்களா?"

"ஓம் அம்மா."

அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனார். வெளியே வரவில்லை.

ஜூலை 3
அன்னப்பூரணி இனி வரமாட்டார் என்றிருந்தேன். வந்தார். வழக்கமான கதிரையில் இருந்து கடிதம் சொன்னார். அனுப்பி முடித்ததும் எழும்பவில்லை.

"இதையும் திறந்து வாசிங்க, மகள். ஆராவது ஒராள் வாசிக்கட்டும்."

வாசித்தேன்.