ஏழாம் எண் என் தங்கையுடையது அல்ல

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கிடங்குக் காப்பாளர்,
கதவு எண் 12, இரண்டாம் குறுக்குத் தெரு.

பெறுநர்:
ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு.

பொருள்: 3ஆம் தேதி நான் கொடுத்த தவறான வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்று, என் தங்கை மீதான பழியை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருத்துவமனைக் கண்காணிப்பாளரை இழிவுபடுத்திப் பெயரில்லாமல் வந்த இணையப் பதிவு, எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து போனதாக விசாரிக்க வந்தீர்கள். வீட்டில் எத்தனை கைப்பேசி இருந்தாலும் வெளியே தெரிவது ரூட்டரின் ஒரே முகவரிதான், உள்ளே யார் என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள். சொன்னேன். அதுதான் வினையாயிற்று.

2. முப்பத்தொரு ஆண்டுகள் கிடங்கில் இருந்தவன் நான். அங்கே ஆணிக்குக்கூட ஓர் எண், அதற்கென ஓர் அலமாரி. அதே பழக்கத்தில், ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே தரும் எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஏழு என்றால் மாடியில் குடியிருக்கும் என் தங்கை. அதே மருத்துவமனையில் செவிலியர். ரூட்டரின் பதிவேட்டில் அந்த இணையப் பதிவு போன நேரத்துக்கு நேராக ஏழு என்று மட்டும் இருந்தது. தாளைக் காட்டி, சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொன்னவன் நான். பெரிய கணக்குப்பிள்ளை என்ற நினைப்பு எனக்கு.

3. அவள் இப்போது பணியிடை நீக்கத்தில் இருக்கிறாள். “ஏண்ணா, அந்தப் பேப்பரைப் பாக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?” என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

4. நேற்று இணைப்பைச் சரிசெய்ய வந்த ஊழியர் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்த எண்கள் யாருக்கும் சொந்தமில்லையாம். ரூட்டர் கொஞ்ச நேரத்துக்குக் கொடுத்து வைப்பதுதானாம். மின்சாரம் போய் வந்தால், முதலில் வரும் கருவிக்குக் காலியாக இருக்கும் எண் போய்விடுமாம். 1ஆம் தேதி காலை மின்தடை. அன்று மதியம் 2.10க்கு அந்தப் பதிவு போனபோது, ஏழாம் எண் எங்கள் சமையலறை டேப்லெட்டிடம் இருந்ததை, ரூட்டர் பதிவேட்டின் இன்னொரு பக்கத்தில் அந்த ஊழியர் காட்டினார். தங்கையின் கைப்பேசி அப்போது வீட்டிலேயே இல்லை. அவள் பணியில் இருந்தாள். அவள் அதைச் சொல்லியும் எல்லோரும் என் தாளைத்தான் நம்பினார்கள்.

5. அந்த டேப்லெட்டைத் தொடுவது என் மனைவி மட்டும்தான். இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டேன். இரட்டைப் பணி கொடுத்து நாத்தனாரைச் சக்கையாகப் பிழிகிறார்களே என்ற ஆத்திரத்தில் எழுதிவிட்டாளாம். பழி அந்த நாத்தனார் தலையிலேயே விழுந்ததும் பயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளும் கீழே கையொப்பமிட்டிருக்கிறாள்.

ஆகவே, என் வாக்குமூலம் தவறு என்று மருத்துவமனைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, என் தங்கை மீண்டும் பணியில் சேர வழிசெய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். அந்தத் தாளை இத்துடன் இணைத்துள்ளேன். அது எனக்குத் திரும்ப வேண்டாம். மருத்துவமனைக்குத் தாங்கள் எழுதும் கடிதத்தின் நகல் ஒன்று மட்டும் தாருங்கள். மாடிப்படி ஏறும்போது கையில் அதையாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

நாள்: 12ஆம் தேதி
இடம்: மேற்கண்ட முகவரி

தவறு செய்தவன்,
(கையொப்பம்)
கிடங்குக் காப்பாளர் (ஓய்வு)

(கையொப்பம்)
அவர் மனைவி

இணைப்பு: சுவரில் ஒட்டியிருந்த தாள், ஒன்று.