வாய் பேசாத நரி

பதில் எழுதாத மகனுக்கு,

மியாமியில் கப்பல் ஏறிய அன்றே, பொழுதுபோக்குக்காக விலங்கு வேஷம் கட்டும் ஒரு கூட்டம் ஏழாம் தளத்தைத் தனியாக வளைத்துப் போட்டிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தேன். மறுநாள் ஓர் ஆரஞ்சு நிற நரி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? வணக்கம்கூடச் சொல்ல மாட்டியா?" என்றேன்.

அதைக் கைபிடித்துக் கூட்டி வந்த பிரென்னா என்ற பெண் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்து, இங்கிலீஷில் சொன்னாள். "வேஷம் கட்டிட்டா வாயத் திறக்கக் கூடாதும்மா. அது எங்க சட்டம்."

குறுக்கே பேசாத காது கிடைத்தால் யார் விடுவார்கள்? தினமும் கொட்டித் தீர்த்தேன். உன் அப்பாவின் சவப்பெட்டியை மூடவிடாமல் உனக்காகக் காத்திருந்ததைச் சொன்னேன். "எனக்குப் பிள்ளையே இல்லன்னு ஊர்ல சொல்லிட்டேன்" என்றும் சொன்னேன். நரி தன் பஞ்சுக் கையை என் தோளில் வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசி நாள், அதற்கு நன்றி சொல்லலாம் என்று சாக்லேட் பெட்டியோடு ஏழாம் தளத்துக்குப் போனேன். பிரென்னா காட்டிய அறையின் கதவு திறந்திருந்தது. நரித்தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். உன் அப்பாவின் அதே காதுகள்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். 'அம்மா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், எல்லாவற்றையும் மறந்து கட்டிக்கொண்டிருப்பேன்.

நீ தலையை எடுத்து மாட்டிக்கொண்டாய்.

சாக்லேட்டைப் பிரென்னாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இனி உனக்கு எழுத மாட்டேன். சொல்ல வேண்டியதையெல்லாம் நரியிடம் சொல்லியாயிற்று.

உன்னைப் பெற்றவள்