மலையிறங்கி வந்த லேத்

அன்பும் மரியாதையுமாக உங்களுக்கு எழுதுவது.

நேற்றுச் சாயங்காலம் நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தம்பி, நம் மகள், இங்கே புதிதாக வந்திருக்கும் லேத் பட்டறையின் மேஸ்திரி. ஐந்தாவது ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்காதபடி கதவைச் சாத்தியிருந்தேன். பேசியது இந்த நாலு பேரைத் தாண்டவில்லை என்று நீங்கள் நம்ப வேண்டும், அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் உடனே ஒரு பதில் சொல்லிவிடுவீர்கள். அந்த உடனடிப் பதில் எனக்கு வேண்டாம்.

ஊர்ச் செய்தியைச் சொல்கிறேன். மலைப்பாதையை அகலப்படுத்தியதிலிருந்து பத்து மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாகிவிட்டது. சந்தைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த கிடங்குகள் எல்லாம் திறந்துவிட்டன. தம்பிக்கு வயரிங் வேலை ஓய்வில்லாமல் இருக்கிறது. காய்க்காரம்மா, "மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களே இங்க வந்து வாடகைக்கு வீடு தேடுறாங்க, இனிமே நம்ம ஊரைப் பார்த்துத்தான் அவங்க பெருமூச்சு விடணும்" என்று சிரிக்கிறாள். என் நோட்டில் இடது பக்கம் நீங்கள் வேலை பார்க்கும் ஊரின் விலை, வலது பக்கம் நம் ஊர் விலை என்று நீங்கள் போன நாளிலிருந்து எழுதி வருகிறேன் அல்லவா? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு நாள் கூலி என்பது இங்கே மூன்று நாள் கூலி. இப்போது அங்கே ஐந்து என்றால் இங்கே நாலு. அந்த ஒன்றை உங்கள் அறை வாடகையும் ஓட்டல் சாப்பாடும் விழுங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் போட்ட கணக்கு, தப்பிருந்தால் திருத்துங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை தம்பிக்குச் சாப்பாடு கொடுக்க அந்தப் பட்டறைக்குப் போனேன். வரிசையில் மூன்றாவதாக ஒரு பழைய லேத். அதன் முகப்பில் கொஞ்சம் சாய்வாக ஒரு சாமி படம், எண்ணெய் படாமல் இருக்க மேலே நீலப் பிளாஸ்டிக். நம் மகளின் இரண்டாம் வகுப்பு நோட்டு அட்டையை வெட்டி, உங்கள் பட்டறைக்கு வந்தபோது என் கையால் ஒட்டியது அது. "நேராத்தான் ஒட்டேன், சாமிக்குக் கழுத்து வலிக்கப் போவுது" என்று நீங்கள்கூடக் கேலி செய்தீர்கள்.

இந்த மெஷின் எப்படி இங்கே வந்தது என்று மேஸ்திரியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அங்க இடத்து வாடகை கட்டுப்படியாகலைம்மா. அந்தப் பட்டறையை இழுத்து மூடி ஆறு மாசம் ஆச்சு, மெஷினெல்லாம் மலையிறங்கி வந்துடுச்சு" என்றார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று அப்புறம் எனக்கே தெரியவில்லை.

இந்த ஆறு மாதமும் நீங்கள் அனுப்பும் தொகை குறையவில்லை. முன்பு ஒரே தடவையாக வரும், இப்போது மூன்று தடவையாக வருகிறது. போன மாதம் வந்திருந்தபோது உங்கள் நகங்களில் கறுப்பு இல்லை. வலது தோளில் தோல் காய்த்திருந்தது. சட்டையைத் துவைக்கும்போது சிமெண்ட் வாசனை. கேட்க வாய் வந்தது, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன்.

அந்த மெஷினை முன்பு ஓட்டியவர் நீங்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, நேற்று மேஸ்திரி வந்தது உங்களைக் கேட்டுத்தான். அந்த லேத் யார் கைக்கும் படியவில்லையாம், ஓட்டும்போது நடுங்குகிறதாம். பழகின ஆள் வேண்டும் என்றார். தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அவர் அங்கே வேலையில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நம் வீட்டுச் சாமி படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய். அப்போது தண்ணீர் கொண்டு வந்த நம் மகள், "அப்பா இன்னும் அந்த மெஷின்லதானேம்மா வேலை பாக்குறாரு?" என்று கேட்டுவிட்டாள். மேஸ்திரி கையில் டம்ளர் பாதியில் நின்றது. தம்பி தரையைப் பார்த்தான். "அப்பாவுக்கு வேற மெஷின் குடுத்திருக்காங்க" என்றேன். இரண்டாவது பொய். அவர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் வேற ஆளைத் தேடலைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

அவர் போனதும் தம்பி, "நானே போய் அத்தானைக் கூட்டிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினான். நான் விடவில்லை. கிளம்பிய அன்று நீங்கள் அவனைப் பார்த்து, "இந்த ஊர்ல எருக்கஞ்செடிதான் முளைக்கும், நீ கம்பியை இழுத்துக்கிட்டே கிட" என்று சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. அவன் மறந்துவிட்டான். சத்தியமாக மறந்துவிட்டான். ஆனாலும் அவன் வந்து உங்கள் கையைப் பிடித்து பஸ் ஏற்றியதாக இருக்கக் கூடாது. உங்களுக்காக ஒரு வேலை காத்திருந்தது, வந்தீர்கள். ஊர் அவ்வளவுதான் தெரிந்துகொள்ளும். மகளுக்கும் அவ்வளவுதான் தெரியும். எனக்கும் அவ்வளவு போதும், நான் எதையும் கேட்க மாட்டேன்.

நீங்கள் அன்றைக்குச் சொன்னது தப்பில்லை. அன்றைக்கு இந்த ஊர் அப்படித்தான் இருந்தது. ஊர் மாறியதற்கு நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வராமல் இருக்க எனக்குத் தெரியாத வேறு காரணம் ஏதாவது இருந்தால், அதையும் எழுதிவிடுங்கள். அதைத் தாங்கும் பலத்தையும் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடவுள் உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் தர வேண்டும், எனக்குப் பொறுமை தர வேண்டும்.

இதைக் காலை பஸ் கண்டக்டர் உங்கள் கையில் நேரில் கொடுப்பார். அதே பஸ் புதன்கிழமை இங்கே திரும்புகிறது. ஒரு வரி போதும், அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

வெள்ளிக்கிழமைக்கு நாள் அதிகம் இல்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.