கஞ்சித்துரையும் தவறவிட்ட ரயிலும்

ராயபுரம்,
பிப்ரவரி 1957

என் அருமை மகன் வெள்ளத்துரைக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் தங்கச்சி ஜெயக்கொடியும் சுகம். நீயும் உன் கப்பலும் தண்ணீர் மேல் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபத்தில் உன் பேரைத்தான் முதலில் சொல்லுகிறேன். பினாங்கில் கப்பல் நிற்கும்போது இது உன் கைக்கு வந்துவிடும் என்று கமாலுதீன் பாய் சொன்னார், அவர் மச்சான் அங்கே துறைமுகத்தில்தான் இருக்கிறாராம். இங்கே பனி விட்டு வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் கருப்பட்டிக் கடையை இன்னொரு ஆள் கையில் விடுவாரா, மாட்டார். ஊர்க்கதை கிடக்கட்டும், உன்னோடு ஒரு வழக்குப் பேச வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ படித்த போர்டிங் பள்ளிக்கூடத்தில் போன சனிக்கிழமை பழைய மாணவர் கூட்டம். அங்குள்ள வழக்கம் உனக்குத் தெரியும். பேர் கூப்பிட்டதும் ஒவ்வொருத்தனும் எழுந்து நின்று இப்போது என்ன வேலை பார்க்கிறான் என்று சபைக்குச் சொல்ல வேண்டும், வராதவனுக்காக வீட்டு ஆள் யாராவது எழுந்து சொல்ல வேண்டும். அப்பாதான் தெரு முழுக்க உன்னைக் கப்பல் ஆபீசில் குமாஸ்தா என்று சொல்லி வைத்திருக்கிறாரே, கூட்டத்தன்றைக்குப் பார்த்து அவருக்கு வயிற்று வலி வந்துவிட்டது. நீ போ, குமாஸ்தான்னு சொல்லிட்டு உக்காந்துக்க, ஒரு வார்த்தைதானே என்றார். நீயும் சும்மா இருந்தாயா? கூடப் படித்தவனெல்லாம் டாக்டரும் வக்கீலுமாக இருப்பான், என் வேலையை அங்கே சொல்ல வேண்டாம் அம்மா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்பனும் மகனும் ஒரே அச்சு. நான்தான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் கூட்டம். ஒருவர் ஹைகோர்ட்டு வக்கீல், ஒருவர் ரயில்வே கார்டு, ஒருவர் எண்ணூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வியாசர்பாடி லோகநாதன் டாக்டராகித் திருவொற்றியூரில் வைத்தியம் பார்க்கிறார். குணசேகரன் என்று ஒருத்தர் எழுந்து, ஹார்பர்ல கிரேன் ஓட்டிகினு கீறேன் என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்தினார். வக்கீலுக்கு எவ்வளவு கைதட்டோ அவருக்கும் அவ்வளவு கைதட்டு. அடுத்து உன் பேர். எழுந்து நின்றேன். குமாஸ்தா என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எதிரே அலுமினியத் தட்டுகள் அடுக்கியிருந்தன, என் பிள்ளை சோறு தின்ற இடத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. என் மகன் கப்பலில் சமையல்காரன், நாற்பது பேருக்குப் பொங்கிப் போடுகிறான் என்று சத்தமாகவே சொன்னேன். உடனே கூடமே கொல்லென்று சிரித்தது பார், எனக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. எவன்டா சிரிக்கிறவன் என்று கேட்க வாயெடுத்துவிட்டேன், உன் அம்மாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

அதற்குள் அந்தக் கிரேன்காரத் தம்பி எழுந்து, கோச்சிக்காதம்மா, அவன் வேற இன்னா வேலைக்குப் போவான், எங்க கஞ்சித்துரையாச்சே என்றார். உடனே ஆளாளுக்குக் கஞ்சித்துரை கஞ்சித்துரை என்று தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டாக்டர் லோகநாதன்தான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம், போர்டிங்கை மூடி எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தாய் தகப்பன் இல்லாத சின்னப் பையன்கள் மட்டும் போக இடமில்லாமல் வயதான வார்டன் ஐயாவோடு நின்றுவிட்டார்கள், சமையல்காரனும் ஓடிவிட்டான். சொல்லச் சொல்ல டாக்டருக்குப் படித்த பேச்சு போய்ப் பழைய பேச்சு வந்துவிட்டது. உங்க புள்ள டிரங்குப் பொட்டியத் தூக்கிகினு வாசக் கேட்டு வரைக்கும் பூட்டாம்மா, நாங்க பசியில அழுதுகினு இருந்தோம், திரும்பி வந்து பொட்டிய வெச்சுட்டு அடுப்பப் பத்த வெச்சான், மொத நாளு கஞ்சி தீஞ்சி பூட்சி, அதையும் நக்கித் துன்னோம், பள்ளிக்கூடம் தொறக்கற வரிக்கும் அவந்தாம்மா எங்களுக்கு ஆத்தா என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். அந்த வருஷம் நாங்கள் எல்லாரும் திருநெல்வேலிச் சீமையில் இருந்தோம். உன்னை அழைத்து வர வேண்டிய தாமஸ் மாமா எழும்பூரில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தனியாக வந்து இறங்கினார். நான் ஸ்டேஷனிலேயே மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். ரயிலைத் தவறவிட்டுவிட்டேன், பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறேன் என்று நீ எழுதினாய். அன்றையிலிருந்து கோயிலுக்குப் பிந்தினாலும் கல்யாண வீட்டுக்குப் பிந்தினாலும் உன்னை ரயிலை விட்ட துரை என்று நான் கேலி பண்ணாத நாள் உண்டா? நீயும் சேர்ந்து சிரித்தாயே அடே கள்ளா, பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வரும் வழியெல்லாம் ரிக்‌ஷாவில் அழுதேன், சந்தோஷத்தில்தான் அழுதேன். உன்னைப் பெற்றதற்கு எனக்கு இவ்வளவு பெருமை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் கமாலுதீன் பாய் கருப்பட்டி வாங்க வந்தார். உள்ளேயிருந்து எனக்குக் கேட்டது. பாய், எம் மவன் கப்பல்ல சமையக்காரன், தெரியும்லா என்கிறார் அப்பா. குமாஸ்தான்னுதானே சொன்னீங்க என்று பாய் கேட்க, இது அதுக்கும் மேல என்று சொல்லிவிட்டு எடைக்கு மேல் ஒரு வட்டு கருப்பட்டி தூக்கிப் போட்டாரே பார்க்கலாம். உன் அப்பா தாராளமாக அள்ளிக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அனலில் நின்ற உடம்போடு உடனே கடல் காற்றில் போய் நிற்காதே. வாரம் ஒரு முறையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. சங்கீதம் வாசிக்காமல் படுக்காதே. போன தடவை நீ வந்து மீன் குழம்பு வைத்தபோது, ஆம்பிளை வைத்த குழம்பு எனக்கு வேண்டாம் என்று அப்பா தட்டைத் தள்ளிவிட்டுப் போனது உன் மனதில் இருக்கும். இதை எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவன் வந்தா எனக்கு ஒரு நேரம் கஞ்சி காச்சித் தரச் சொல்லி எழுது என்கிறார். தீஞ்சிருந்தாலும் பரவாயில்லை என்று அதையும் சேர்த்து எழுதச் சொல்லுகிறார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இந்தத் தடவை கப்பலைத் தவறவிடாமல் வந்து சேர்.

இப்படிக்கு,
கஞ்சித்துரையைப் பெற்றவள்,
தேவப்பிரியம் வேதமாணிக்கம்