நீலப் போர்வைக்குள் பிள்ளைகள்

அண்ணே,

கூலாய் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டு வரிசையில் ஒரு சீனத் தச்சர் புதிதாகக் கடை போட்டிருக்கிறார். இன்று காலை அவர் தோல் பசை காய்ச்சினார். பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அலமாக், என்னாக்கா இது, செத்த மாடு மாதிரி!" என்றாள். நான் அடுப்பில் கஞ்சி இருப்பதையே மறந்து வாசலில் நின்றேன். நீ போன பிறகு அந்த நாற்றத்தை நான் முகர்ந்ததே இல்லை.

ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அப்பாவுக்குத் தச்சுவேலை. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகைதான் நம் பட்டறை. மாதா கோயில் பீடத்துக்குப் படம் வேண்டுமென்றால் பங்குச் சாமியார்கள் அங்கேதான் வருவார்கள். அப்பா பலகை இழைத்துச் சேர்ப்பார். நான் அந்தத் தோல் பசையில் சுண்ணப்பொடி கலந்து பலகையில் பூசுவேன், காய்ந்ததும் தேய்ப்பேன், மறுபடி பூசுவேன். தங்க ரேக்கு ஒட்டுவதும் நான்தான். முகங்களை உன்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. அண்ணி பிரசவத்தில் போய்விட்டதால் உன் மகள் லூர்து என் இடுப்பிலேயே வளர்ந்தாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. லயத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் படுத்தார்கள். டாக்டரை வரவழைக்கச் சொல்லிக் கேட்டவர்களிடம், மழைக்காலத்தில் இதெல்லாம் சகஜம் என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சொல்லியனுப்பினார். பால்மரம் வெட்டிப் பாலெடுக்க ஆள் குறைந்த பிறகுதான் குளுவாங் டவுனிலிருந்து டாக்டர் வந்தார். அதற்குள் அப்பா பீடத்துக்கென்று வைத்திருந்த பலகைகளையெல்லாம் அறுத்துச் சின்னச் சின்னப் பெட்டிகளாக அடித்திருந்தார். அதில் ஒன்று லூர்துக்கு. நீ அழவில்லை. பெட்டிக்கு உள்பக்கம் வெள்ளை பூசினாய்.

காய்ச்சல் அடங்கியதும் சாமியார் ஒரு புகைப்படத்தோடு பட்டறைக்கு வந்தார். அவர் பிரான்சு தேசத்தின் தென்கோடி மலையூரில், வீட்டில் கட்டலான் மொழி பேசி வளர்ந்தவர். புகைப்படத்தில் இருந்தது அவர் ஊர்க் கோயிலின் பழைய பீடப் படம். மாதா தன் போர்வையை இரு கையாலும் விரித்து நிற்க, அதற்கடியில் அரசர்களும் பிஷப்மார்களும் மண்டியிட்டிருந்தார்கள்.

"கொள்ளைநோய்க் காலத்தில் வரைந்தது. ஒரு தகப்பனும் அவர் பிள்ளைகளும் சேர்ந்து செய்த வேலை. உங்களைப்போலவே ஒரு குடும்பம்" என்றார் சாமியார்.

அதேபோல ஒன்று தோட்டத்துக் கோயிலுக்கு வேண்டும். தங்கத்துக்கும் நீலத்துக்கும் துரை பணம் தருகிறார். அந்தக் காலத்து வழக்கப்படி, பணம் கொடுத்தவரின் உருவமும் கீழே ஓரமாக இருக்கவேண்டும் என்றார்.

சாமியார் போனதும் நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். "அந்தாளு மொகத்த உன் கையால வரைவியாண்ணே? நம்ம லூர்து போன பெறகுமா?"

நீ தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "மாதா போர்வைக்கு நான் காவக்காரன் இல்ல. யாரு உள்ள வர்றாங்கன்னு அவங்க பாத்துக்குவாங்க."

துரையை அப்படியே வரைந்தாய். அழகாகவும் ஆக்கவில்லை, கோரமாகவும் ஆக்கவில்லை. நான் உன்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

கோயில் திருநாளன்று படத்தை ஜெபம் சொல்லி மந்திரித்துப் பீடத்தில் வைத்தார்கள். துரை வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் சனங்களை உள்ளே விட்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த சவரியம்மா பீடத்துக்கு வெகு அருகில் போய் நெடுநேரம் தேடினாள்.

"ராசா இருக்காரு, தொர இருக்காரு. எங்க புள்ளைங்க எங்க தம்பி?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடினாள். உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

மறுநாளே படத்தைப் பட்டறைக்குத் தூக்கி வந்தாய். அப்பா தடுத்தும் கேட்கவில்லை. செத்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இடமாகப் போர்வையை அகலமாக்க வேண்டும், அதற்குப் பின்புலத் தங்கம் போக வேண்டும் என்றாய். நான் ஒட்டிய தங்கத்தை நானே சுரண்டி எடுத்தேன்.

வேலை முடிந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். "மேல்பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கும் தம்பி." "சிரிச்சான்னா ஒரு கண்ணு மூடிக்கும்." தகப்பன் ஒருவன் "கறுப்பா இருப்பான், கறுப்பா இருப்பான்" என்பதற்குமேல் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டான். நீ கேட்பாய், வரைவாய், அழிப்பாய், மறுபடி கேட்பாய். சவரியம்மா படத்தில் தன் மூத்தவனைப் பார்த்ததும் சாய ஈரம் காயாத அவன் கன்னத்தில் விரலை வைத்துவிட்டாள். அந்த விரல் ரேகையை நீ திருத்தவில்லை.

பிள்ளைகள் பெருகப் பெருகத் துரையின் கூப்பிய கைகளுக்கு முன்னாலும் இரண்டு பேர் நின்றார்கள். விஷயம் துரை பங்களாவுக்குப் போனது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்தார். "தொர ரொம்பக் கோவமா இருக்காரு. கூலிப் புள்ளைங்கள எல்லாம் அழிச்சிட்டு, பழையபடி வைக்கச் சொல்றாரு."

"முடியாதுங்க. ஒருவாட்டி அழிஞ்சது போதும்" என்றாய்.

அப்பாவின் வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமியார் மாட்டுவண்டி பிடித்துக் கொடுத்தார். சிம்பாங் ரெங்கத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நம்மை இறக்கி, படத்தையும் இறக்கி, "முடித்துவிடுங்கள்" என்றார். கூரை ஒழுகியது. சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்குதான். உனக்குக் காய்ச்சல் தொடங்கியதை நீ சொல்லவில்லை. தூரிகையை வாங்கியபோது உன் விரல் சுட்டதில்தான் எனக்குத் தெரிந்தது.

எல்லோரையும் முடித்துவிட்டாய். போர்வையின் மடிப்போரத்தில் ஒரு இடம் மட்டும் மிச்சமிருந்தது. யாருக்கென்று நான் கேட்கவில்லை.

அதுதான் உனக்கு வரவில்லை, அண்ணே. ஊரார் பிள்ளைகளின் முகத்தையெல்லாம் வாய்வார்த்தையிலிருந்து எடுத்தவன் நீ. உன் பிள்ளை முகத்தை வரைந்து வரைந்து துடைத்தாய். "இவ இல்ல" என்பாய். கடைசியில் என்னிடமே கேட்டாய்: "அவ மூக்கு எப்படி இருந்துச்சு? நீ சொல்லேன்."

நான் சொன்னேன். நெற்றியை, உதட்டை, நாடியை, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நீ வரைந்தாய். பார்த்துவிட்டு மறுபடியும் துணியை எடுத்தாய். "மத்த புள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்க. இவ மட்டும் ஏன் வரமாட்டேங்கிறா?" அப்போதுதான் நீ அழுதாய். அதற்குப் பிறகு பாயைவிட்டு நீ எழவில்லை.

உன்னை அடக்கம் செய்தபின் சாமியார் தயங்கித் தயங்கி, படத்தில் குடும்பத்தின் பெயரை எழுதலாமா என்று கேட்டார். தன் ஊர்ப் படத்தில் தகப்பன் பெயர் மட்டும் இருக்கும் என்றார். அப்பா தலையசைத்து மறுத்துவிட்டார். "பேரு எதுக்கு சாமி? இந்தப் புள்ளைங்க பேரெல்லாம் யாரு எழுதப் போறா?"

ஆனால் அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. எனக்கு முகம் வரையத் தெரியாது. ஆகவே லூர்துவைத் திரும்பி நிற்க வைத்தேன், மாதாவின் பாவாடையில் முகம் புதைத்தபடி. தலையை மட்டும் வரைந்தேன். வகிடு நேராக நிற்காது அவளுக்கு. பின்னந்தலையில் ஒரு சுழி, அங்கே வந்ததும் இடதுபக்கம் விலகிவிடும். தினமும் காலையில் சீப்போடு நான் மல்லுக்கட்டிய இடம் அது. என் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

படம் இன்றும் சிம்பாங் ரெங்கத்துக் கோயிலில்தான் இருக்கிறது. அப்பாவும் போய்விட்டார். அவள் முகத்தை அறிந்தவள் இனி நான் ஒருத்திதான். அதுவும் வருஷத்துக்கு வருஷம் மங்குகிறது; மூக்கு எப்படி இருந்தது என்று இப்போது நீ கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. வகிடு மட்டும் விரல்நுனியில் அப்படியே இருக்கிறது, அண்ணே. விளக்கில்லாமலேயே எடுத்துவிடுவேன்.