கீழ்வீட்டு வாசலில் ஒரு சமாதானம்

இன்று காலை சட்டைப் பையில் கையை விட்டேன். விரலெல்லாம் வெள்ளை. உன் சாக்பீஸ்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் இஸ்திரி வண்டியில் இப்போது தேய்ப்பது உன் மனைவி, எனக்குத் தங்கச்சி. அதில் தொங்கும் கரும்பலகை மட்டும் என் பொறுப்பு. பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவனுக்கு உலக அரசியல் எழுதும் உத்தியோகம். பிழையைத் தங்கச்சி திருத்துகிறாள்.

நீ பலகையில் எழுதியதில் ஒன்று மறக்கவில்லை. ‘அமெரிக்காகாரன் ஒரு கையால குண்டு குடுக்கறான், இன்னொரு கையால ரொட்டி போடுறான். எந்தக் கைய நம்புறது?’ மகன் அங்கே வேலையில் இருப்பதால் நான் அமெரிக்காவின் வக்கீல். “அவன் இல்லேன்னா யார் சண்டைய நிறுத்துவா?” என்பேன். “மடிப்பு கலையாம பேசுற நைனா” என்று சிரிப்பாய்.

எங்கள் குடியிருப்பின் தண்ணீர்ச் சண்டை நினைவிருக்கிறதா? மாடி வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்ச, கீழ்வீட்டு அம்மாள் காலிக் குடத்தோடு நின்றார். சமாதானம் செய்யக் கிளம்பிய நான், மாடி வீட்டில் உட்கார்ந்து, அவர் காபியைக் குடித்து, அவர் சொன்னபடியே தண்ணீர் முறை எழுதிப் படிக்கட்டில் ஒட்டினேன். அம்மாளைக் கூப்பிடவே இல்லை. மறுநாளே தாள் கிழிந்தது, குடம் உருண்டது.

“இன்னா நைனா, அமெரிக்காவாட்டம் பஞ்சாயத்து பண்ணிகினு வந்துகீற? தண்ணி இல்லாதவங்கள உட்டுட்டு, மோட்டார் வச்சிகிறவன் ஊட்ல கையெழுத்தா?” என்று கேட்டாய்.

இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாய். கீழ்வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு மாடி வீட்டுக்காரரை இறங்கி வரச் சொன்னாய். “அடி வாங்கினவங்க மொதல்ல பேசட்டும். நீ வாயத் தெறக்காத.” கடைசி வாக்கியம் எனக்கு. அம்மாள் அரை மணி நேரம் பேசினார். மாடி வீட்டுக்காரரின் முறை வந்தபோது அவர் குரல் பாதியாகியிருந்தது. அன்று போட்ட தண்ணீர் முறைதான் இன்றும் நடக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி பிறந்திருக்கிறாள். போய்ப் பார்க்க விசா கேட்டிருக்கிறேன், அடுத்த வாரம் நேர்காணல். பலகையை நான் தினமும் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதை மகன் பார்த்துவிட்டான். “எல்லாத்தையும் அழிச்சிடுங்கப்பா. விசா குடுக்கறவங்க அதெல்லாம் பாக்கறாங்க. பாப்பாவப் பாக்க வேணாமா?”

பயந்துதான் போனேன். இரண்டு நாள் பலகை காலி. மூன்றாம் நாள் மீன்காரம்மா கூடையை இறக்காமலே கேட்டார்: “இன்னா சார், உலகத்துல சண்டையெல்லாம் நின்னு போச்சா?”

நிற்கவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது, எங்கோ ஒரு மாடி வீட்டில். எண்ணெய்க் கம்பெனிக்கு நாற்காலி இருக்கிறது, ஆயுதம் விற்பவனுக்கு இருக்கிறது. குண்டு விழுந்த ஊர்க்காரனுக்கு மட்டும் இல்லை.

இன்று எழுதிவிட்டேன்: ‘அடி வாங்கினவர் முதலில் பேசட்டும்.’ படமெடுத்துப் போட்டும் விட்டேன், என் பெயரோடு. மகனிடம் சொன்னேன்: “ஒண்ணையும் அழிக்க மாட்டேன்டா. விசா கிடைக்கலன்னா பாப்பாவ நீ கூட்டிட்டு வா.” “எழுத்தாவது ஒழுங்கா எழுதுங்கப்பா” என்றான்.

சாக்பீஸ் விரல்நுனி அளவுதான் மிச்சம். நேர்காணலுக்கும் இதே சட்டைதான். தங்கச்சி தேய்த்துத் தருவாள். பையில் இது இருக்கும்.