கெர்டாவின் சிவப்பு கிளிப்பு

மே 4, ஞாயிறு

காய்ந்த துணி எடுக்கப் போனேன். என் காலுறையைப் பிடித்துக்கொண்டிருந்தது என் மனைவி கெர்டாவின் சிவப்பு கிளிப்பு. எங்கள் பொம்மை விமான கிளப்பில் விமானம் விடுகிறவர்கள் தங்கள் பெயர் எழுதிய கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் ரிமோட்டைத் தொடவேண்டும். இருபத்தாறு வருடமாக அங்கே முதலில் ஏறிவந்த கிளிப்பு அது.

“இது ஏன் இங்க?”

“துணி காயப்போடத்தானே கிளிப்பு,” என்றாள்.

போன வாரம் அவள் கை உதறி, விமானம் பார்லி வயலில் மூக்கு குத்தியது. நடுக்கம் இனிப் போகாது என்கிறார் டாக்டர்.

மே 7

கிளப் தலைவர் தோர்பென் வந்தான். இரண்டு ரிமோட்டை இணைத்துவிடலாமாம். அவள் ஓட்டட்டும், கை உதறினால் பக்கத்தில் நிற்பவர் பொத்தானை அமுக்கி வாங்கிக்கொள்ளலாம். கற்றுக்குட்டிகளுக்குச் செய்வதுதான்.

“என் விமானத்துல இன்னொருத்தன் கை படக்கூடாது!”

காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். பாவம் தோர்பென்.

இன்னொருத்தன். நானுமா?

மே 14, புதன்

பல் டாக்டர் என்று பொய் சொல்லிவிட்டு, தோர்பெனிடம் விமானம் ஓட்டக் கற்க மைதானத்துக்குப் போனேன். இத்தனை வருடமும் பிளாஸ்க் தூக்கியதோடு சரி. விமானம் நம்மை விட்டுப் போகும்வரை பரவாயில்லை, திரும்பி நம்மைப் பார்த்து வந்தால் இடது வலதாகிவிடுகிறது. தோர்பெனின் பழைய விமானம் பார்லியில்.

மே 28

மறுபடி பல். மறுபடி பார்லி.

“உன் வாயில எத்தனை பல்லுதான்யா இருக்கு?” என்கிறாள்.

ஜூன் 8

மாட்டிக்கொண்டேன். சூப் ஆறிக்கொண்டிருக்க, மேசைமேல் என் கட்டைவிரல்கள் தாமாக விமானம் ஓட்டிக்கொண்டிருந்தன.

“என் கைதான் ஆடுதுன்னு பாத்தா, உனக்குமா?” என்றாள். பிறகு உற்றுப் பார்த்தாள். புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“இன்னொருத்தன்னு உன்னையா சொன்னேன், மடையா?” அழுதுவிட்டாள். நானும்தான்.

ஜூன் 22, ஞாயிறு

காற்று குறைவு. இரண்டு ரிமோட்டையும் இணைத்து, ஒன்று என் கையில். ஒட்டுப்போட்ட மஞ்சள் விமானத்தைக் கெர்டா ஏற்றினாள். இரண்டு கரணம். அப்பா, எவ்வளவு அழகு! இறக்கும் நேரத்தில் கை உதறத் தொடங்கியது. நான் பொத்தானைத் தொடவில்லை. அவள் கேட்காமல் தொடுவதில்லை என்று வாக்கு.

“ஆஸ்கெர்... வாங்கிக்கோ.”

“ஐயோ, நம்மளைப் பாத்து வருதே!”

“பயப்படாத. எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு. மெதுவா. இன்னும் கொஞ்சம்... போதும், விடு.”

மூன்று துள்ளு துள்ளி, புல்லில் நின்றது. முழுசாக!

“தவளைகூட இதைவிட நல்லா இறங்கும்,” என்றாள். என் சட்டைக் கையை விடவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

மழை. மைதானத்துக்குப் போகவில்லை. துணி வீட்டுக்குள் காய்கிறது. கிளிப்பு ஒன்று குறைவதால் என் காலுறை நாற்காலி முதுகில். அந்தச் சிவப்பு கிளிப்பைப் போன வாரம் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தோம். கெர்டா என்பதற்குக் கீழே, கோணல்மாணலான எழுத்தில், என் பெயரையும் எழுதியிருக்கிறாள்.